டாக்டர் சாகக் கூடாத கப்பல்

கப்பல் டாக்டர் செத்த அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை.

டாக்டர் சொந்தமும் இல்லை, பக்கத்து வீடும் இல்லை. டிவித் தொடரில் வருகிறவள். கலங்கரை விளக்குகளுக்கு எண்ணெயும் அரிசியும் ஏற்றிப்போகும் ஒரு பழைய கப்பல். அதில் எல்லோரையும் அதட்டி மருந்து குடிக்கவைக்கும் ஒரு பெண் டாக்டர். அவள்மேல் உயிரையே வைத்துக்கொண்டு வாயைத் திறக்காத ஒரு சுக்கான்காரன். வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டுபோன கதையில் ஒருநாள் புயல் வந்தது, பாய்மரம் முறிந்தது, டாக்டர் கடலில் விழுந்தாள். விழுந்தவளை யாரும் தூக்கவில்லை. அதற்குள் நடித்தவர்கள் பெயர் ஓட ஆரம்பித்துவிட்டது.

சித்தி மடியிலிருந்த தலையணையை டிவிமேல் எறிந்தாள். "எழுதினவன் கை விளங்குமா? இத்தனை வருஷம் வளர்த்துட்டு இப்படியா தண்ணியில தள்ளுவான்?"

பக்கத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தவள் அவளுடைய அக்காள் மகள். அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. நடக்கும்போது பாதம் இரண்டும் ஆளுக்கொரு திசை பார்க்கும் என்பதால் சித்தி அவளுக்கு வைத்த பெயர் வாத்து. அம்மா பேருந்து நடத்துநர். விடியும் முன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புவாள். அப்பா பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. ஆகவே வாத்துக்குத் தலைவாரியது, காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டது, பள்ளிக்கூடத்தில் போய்ச் சண்டைக்கு நின்றது எல்லாம் சித்திதான். முறைக்குத்தான் சித்தி, வயதுக்கு அக்கா மாதிரி. ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு நீராவி இஸ்திரி போடுகிற வேலை அவளுக்கு.

"அவங்க கப்பல்ல செத்தா சாகட்டும் வாத்து. நம்ம கப்பல்ல அவ சாக மாட்டா" என்றாள் சித்தி.

அப்படித்தான் ஆரம்பித்தது. இப்படி அடுத்தவர் கதையை எடுத்து ரசிகர்களே தொடர்ந்து எழுதுவதற்கு ஃபேன்ஃபிக் என்று பெயர் என்பதும், உலகத்தில் இவர்களைப் போல ஆயிரக்கணக்கான கிறுக்குகள் உண்டு என்பதும் பிறகுதான் தெரியும். அடுத்தவர் பெற்ற பிள்ளையைத் தூக்கிவந்து நம் வீட்டில் சோறூட்டுகிற வேலை. பத்து பைசா பிரயோஜனம் கிடையாது. ஆனாலும் ஒரு வலைத்தளத்தில் இரண்டு பேரும் ஒரே பெயரில் கணக்குத் தொடங்கி, கடலில் விழுந்த டாக்டரை ஒரு மீன்பிடிப் படகில் ஏற்றிக் கரைசேர்த்து, திரும்பவும் கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள்.

வாத்து ஒரு அத்தியாயம், சித்தி ஒரு அத்தியாயம். வாத்து எழுதினால் கடல் ஒரு பக்கம், வானம் ஒரு பக்கம் என்று வர்ணனை நீளும். சித்தி இஸ்திரி இயந்திரத்தின் பக்கத்தில் நின்றபடியே போனில் தட்டுவாள். அவள் அத்தியாயத்தில் எல்லோரும் வந்ததும் சண்டை போடுவார்கள். சண்டை வீட்டிலும் வந்ததால் சட்டம் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி எழுதியதை மற்றவள் அழிக்கக் கூடாது. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அங்கிருந்துதான் தொடர வேண்டும். அத்தியாயத்தின் கடைசியில் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். அவிழ்ப்பது அடுத்தவள் பாடு. எல்லாவற்றுக்கும் மேலாக, என்ன நடந்தாலும் டாக்டர் சாகக் கூடாது. ராஜாங்கச் சட்டம்கூட இவ்வளவு ஒழுங்காக நடந்திருக்காது.

வாத்துக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய தூரம். போன முதல் வாரத்திலேயே போனில் அழுதாள்.

"சித்தி, நான் வந்துடறேன். இங்க யாரும் யார்கூடவும் பேச மாட்டேங்கிறாங்க. ரூம்ல இருக்கறவ எந்நேரமும் தூங்கறா. எழுந்தா கெமிஸ்ட்ரி படிக்கறா, திரும்பத் தூங்கறா."

"நல்ல பிள்ளைடி. குறட்டை விடறாளா?"

"விளையாடாத சித்தி. எனக்கு அங்க வரணும்."

"வா. வாசல்லயே நிக்கவெச்சுத் திருப்பி அனுப்பறேன்" என்றாள் சித்தி. பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "இங்க பாரு வாத்து. நீ அங்கேருந்து ஒண்ணு எழுது, நான் இங்கேருந்து ஒண்ணு எழுதறேன். கப்பல் ஓடற வரைக்கும் நாம ஒரே வீட்லதான் இருக்கோம். சரியா?"

வாத்து சரி என்றாள். வேறு என்ன சொல்வாள்?

இந்த இடத்தில் அவளுக்குத் தெரியாத ஒன்றை நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அவள் ரயிலேறிய கொஞ்ச நாளிலேயே சித்திக்கு வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நல்ல கட்டி இல்லை. அறுத்தெடுக்கிற கட்டத்தையும் தாண்டிவிட்டது. அம்மா அந்த நிமிடமே மகளுக்குச் சொல்லப் போனை எடுத்தாள். சித்தி அதைப் பிடுங்கிக்கொண்டு, பரீட்சை முடிகிறவரை மூச்சுவிடக் கூடாது என்று அக்காவின் தலைமேலேயே கைவைத்துச் சத்தியம் வாங்கினாள். அழுதுகொண்டு திரும்பிவரக் காரணம் தேடுகிற பிள்ளை. இது கிடைத்தால் அடுத்த ரயிலிலேயே வந்து நிற்கும், பிறகு படிப்பு அவ்வளவுதான். அதுதான் சித்தியின் கணக்கு.

சத்தியம் வாங்குவது சுலபம். வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் கஷ்டம். ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்த ஒருத்தியிடம் சொல்லாமல் சித்திக்கு இருக்க முடியவில்லை. போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில் சொன்னாள். தன் முறை வந்தபோது டாக்டரைக் கப்பலின் ஏணியில் ஏறவிட்டு, பாதியில் நிறுத்தினாள். டாக்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். கீழே இருந்து சுக்கான்காரன் என்ன என்று கேட்டதற்கு, செருப்பு வழுக்குகிறது என்று பொய் சொன்னாள். அதோடு அத்தியாயத்தை முடித்துவிட்டாள் சித்தி.

அது வந்து சேர்ந்த வாரம் வாத்துக்கு வேறு கவலை. எழுத்துப் பயிற்சி வகுப்பில், இதுவரை என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று ஆசிரியை ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். நரைத்த தலை, நிறையப் படித்த முகம். வாத்து நிமிர்ந்து உட்கார்ந்து கப்பல் கதையைச் சொன்னாள்; நூற்றுக்கணக்கானோர் படிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

"வாடகை வீட்டுல எவ்வளவுதான் சுண்ணாம்பு அடிச்சாலும் அது வாடகை வீடுதானேம்மா? சொந்தமா ஒரு குடிசை கட்டுங்க, வந்து பார்க்கறேன்" என்றார் ஆசிரியை. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வகுப்பு சிரித்தது. வாத்துக்குக் காதுமடல் வரை சூடேறியது. அன்று மாலை நூலகத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்தடவையாகத் தன் கப்பலை வேற்றாள் கண்ணால் பார்த்தாள். அசிங்கமாக இருந்தது. அந்தக் கண்ணோடுதான் சித்தியின் அத்தியாயத்தைப் படித்தாள். ஏணியில் ஏறுகிறாள், மூச்சு வாங்குகிறாள், இதில் என்ன கதை இருக்கிறது? இழுவை என்று நினைத்தாள். டாக்டரை மேலே ஏற்றிவிட்டு, சுக்கான்காரனோடு அரைகுறையாக ஒரு உரையாடலைப் போட்டு அனுப்பிவைத்தாள்.

சித்தியின் அடுத்த அத்தியாயத்தில் டாக்டர் தன் விரலைத் தானே ஊசியால் குத்தினாள். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் வைத்து, பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தாள். பிறகு கண்ணாடித் துண்டைப் புடவைத் தலைப்பில் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, மற்றவர்களுக்கு மருந்து கொடுக்கப் போனாள். கதவருகே நின்று, இதை யாரிடம் முதலில் சொல்வது என்று யோசித்தாள். அதுதான் முடிச்சு.

இதைவிடப் பச்சையாக ஒரு மனுஷி எப்படிச் சொல்ல முடியும்? ஆனால் வாத்து அதை ஒரு எழுத்தாளராகப் படித்தாள். கீழே வாசகர்கள் வேறு, டாக்டருக்கு என்ன ஆச்சு, கல்யாணம் எப்போ, இப்படிச் சோகமாக்கிட்டீங்களே என்று வரிசையாகப் புலம்பியிருந்தார்கள். அவளுக்குச் சித்திமேல் எரிச்சல் வந்தது. நாளைக்குக் கட்டுரை கொடுக்க வேண்டும். அறைத்தோழியின் குறட்டையோ அறையை இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தது. மடிக்கணினியைத் திறந்து மளமளவென்று எழுதினாள். கப்பல் ஒரு தீவில் நின்றது. விளக்குக் காவலாளியின் மனைவி ஒரு பச்சிலையைக் கசக்கிக் கொடுத்தாள். மறுநாள் காலை டாக்டர் எழுந்தபோது நோய் இருந்த இடம் தெரியவில்லை. ஒரே பத்தி. சட்டப்படி எதையும் அழிக்கவில்லை, மாற்றவில்லை. நோயை ஒப்புக்கொண்டு, குணப்படுத்திவிட்டாள். அதோடு, டாக்டரும் சுக்கான்காரனும் நடனமாடப் போவதாக ஒரு முடிச்சும் போட்டாள்.

அன்று சித்தி சலவைக்கூடத்தில், மடிக்காத விரிப்புகளின் குவியல்மேல் உட்கார்ந்து அதைப் படித்தாள். திரும்பத் திரும்பப் படித்தாள். ஒருத்தி எழுதியதை மற்றவள் அழிக்கக் கூடாது என்று ஒரு காலத்தில் சத்தம் போட்டுச் சட்டம் கொண்டுவந்தவளே அவள்தான். வீட்டுக்கு வந்து, வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, டாக்டரைக் கப்பலின் மேல்தளத்தில் ஆடவிட்டாள்.

எப்படி ஆடினாள் தெரியுமா! செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடினாள். ஏணியில் மூச்சுவிடாமல் ஓடி ஏறினாள். பசிக்கிறது என்று சமையல்காரனை எழுப்பி, சட்டியை வழித்துச் சாப்பிட்டாள். சாப்பாடே இறங்காத ஒருத்தி எழுதியது அது. வாசகர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். வாத்துக்கே தலைகால் புரியவில்லை. உடனே போன் போட்டாள்.

"சித்தி, சூப்பர்! இவ்ளோ நாள் எழுதினதுலயே இதுதான் பெஸ்ட். முன்னாடி ஏன் அந்த நோயெல்லாம் போட்டு இழுத்த?"

"சும்மாதான். மாத்தி எழுதிப் பார்த்தேன்."

"உன் குரல் ஏன் இப்படி இருக்கு?"

"நாள் முழுக்க ஆவியில நின்னா குயில் மாதிரியா இருக்கும்?" என்றாள் சித்தி. பிறகு மெல்லக் கேட்டாள். "ஏண்டி, அந்தப் பச்சிலை அவ்ளோ சீக்கிரமாவா வேலை செய்யும்?"

"கதைதானே சித்தி."

"ஆமா. கதைதான்."

அம்மா சத்தியத்தை மீறியது பரீட்சைக்கு முன்பே. ஒரு மத்தியானம் பணிமனையிலிருந்து போன் செய்தாள். பின்னால் பேருந்துகள் உறுமிக்கொண்டிருந்தன. "கிளம்பி வா. அவ திட்டட்டும், நான் பார்த்துக்கறேன்" என்றாள். கட்டியைப் பற்றியும் சத்தியத்தைப் பற்றியும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். பாவம், அக்கா தலைமேல் வாங்கிய சத்தியத்தை அக்காவே எத்தனை நாள்தான் சுமப்பாள்? எந்நேரமும் தூங்குகிற அந்த அறைத்தோழிதான் எழுந்து, ஒரு வார்த்தையும் கேட்காமல் பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொடுத்து, ரயில் நிலையம்வரை கூடவே வந்தாள்.

ரயிலில் வாத்து போனை எடுத்து ஏணி அத்தியாயத்தைத் திரும்பப் படித்தாள். பிறகு ரத்தச் சொட்டு. பிறகு தன்னுடைய பச்சிலை. எதிரில் உட்கார்ந்திருந்த பெண்மணி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, யாருக்கும்மா உடம்பு சரியில்லை என்று கேட்டார். எங்க சித்திக்கு என்று சொல்லிவிட்டு, வாத்து முதலிலிருந்து திரும்பப் படித்தாள்.

ஆஸ்பத்திரியில் பொது வார்டின் கடைசிக் கட்டில். சித்தி பாதியாகிப் போயிருந்தாள். ஆனாலும், நடந்து வருகிறவளின் பாதங்களைத்தான் முதலில் பார்த்தாள். "பல்கலைக்கழகம் போயும் நடை மாறல பாரு" என்றாள்.

வாத்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கையில் எலும்புதான் தட்டுப்பட்டது. அழக் கூடாது என்று ரயிலில் எடுத்த முடிவு ரயிலோடேயே போய்விட்டது.

"ஏன் சித்தி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனேடி. நீதான் குணமாக்கிட்டே."

குத்திக்காட்டவில்லை. ஒரு வேடிக்கையைச் சொல்வதுபோலச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதனால்தான் அது வாத்தின் நெஞ்சில் நேராகப் போய் இறங்கியது. அவள் சித்தியின் விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். "அதை அழிச்சிடறேன் சித்தி. அந்த அத்தியாயத்தையே எடுத்துடறேன். நீ எழுதினதுலேருந்து ஒழுங்கா எழுதறேன்."

"கையை ஒடிச்சிடுவேன்" என்றாள் சித்தி. "சட்டம்னா சட்டம். அப்புறம், அந்தப் பச்சிலையால நான் ஆடினேன்டி. நல்லா ஆடினேன், இல்ல?"

"ஆடின."

"அப்புறம் என்ன? இப்ப உன் முறை. எழுது."

கட்டிலின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வாத்து எழுதினாள். அவ்வப்போது நர்ஸ் வந்து நகரச் சொன்னால் நகர்ந்து, திரும்பவும் வந்து உட்கார்ந்தாள். வாடகை வீடு, சொந்த வீடு எதுவும் நினைவில் இல்லை. வர்ணனையும் இல்லை. வருடக்கணக்காக இருண்டு கிடந்த ஒரு கலங்கரை விளக்கு. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கப்பலில் யாரும் பேச மாட்டார்கள். அன்று சாயங்காலம் அதில் வெளிச்சம் தெரிந்தது. டாக்டர் ஏணியில் ஏறி, தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தாள். விளக்கை ஏற்றிய ஆள் மேலே நின்று கையசைத்தது. டாக்டர் தொலைநோக்கியை இறக்கினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை யாரும் பார்த்ததில்லை. "அட, நீயா?" என்றாள். அத்தோடு அத்தியாயம் முடிந்தது.

வாத்து அதைச் சன்னக்குரலில் படித்துக் காட்டினாள். சித்தி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"யாருடி அது?"

"எனக்குத் தெரியாது. அது உன் பாடு."

"எனக்குத் தெரியும்" என்றாள் சித்தி. முகமெல்லாம் குறும்பு. "கேட்டா நீ அசந்துபோயிடுவ."

"சொல்லு சித்தி."

"சொல்லிட்டா அப்புறம் எதுக்கு எழுதறது? கொஞ்சம் தெம்பு வரட்டும். எழுதறேன்."

தெம்பு வரவில்லை. இரண்டு நாள் முனகலும் மருந்து மயக்கமுமாகப் போயின. ஒருதடவை சித்தி போனைக் கேட்டாள், கையில் கொடுத்தார்கள். வலைத்தளத்தில் அத்தியாயம் எழுதும் பெட்டியைத் திறந்து, விரலை மேலே வைத்தபடியே தூங்கிப்போனாள். மூன்றாம் நாள் விடியலில், அம்மா கால்மாட்டிலும் வாத்து தலைமாட்டிலும் இருக்க, போய்விட்டாள். பெட்டியில் ஒரு எழுத்துகூட இல்லை.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு அம்மாவே வாத்தை ரயிலேற்றிவிட்டாள். "படிச்சு முடிச்சிடு. இல்லேன்னா அவ என்னை விடமாட்டா" என்றாள். தங்கை இன்னும் வீட்டில் இருப்பதுபோலத்தான் சொன்னாள். விடுதிக்கு வந்த பிறகு வாத்து வகுப்புக்குப் போனாள், கட்டுரைகள் கொடுத்தாள். எழுத்து வகுப்பு ஆசிரியை அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க சித்தியைப் பத்தி எழுதிப் பாருங்களேன். அது உங்க சொந்தக் கதை" என்று கனிவோடு சொன்னார். வாத்து தலையாட்டிவிட்டு வந்தாள். எழுதவில்லை.

விளக்கை ஏற்றியது யார் என்று எழுதிப் பார்த்தாள். சுக்கான்காரனின் அம்மாவாக இருக்கலாமோ? கடலில் டாக்டரைக் காப்பாற்றிய மீன்காரனாக இருக்குமோ? ஒவ்வொன்றையும் எழுதிவிட்டுப் படித்தால், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைக் கேட்டு அசந்துபோக முடியவில்லை. அசந்துபோகவைக்கிற ஆள் யாரென்று தெரிந்தவள் ஒருத்திதான். அதோடு, இது அவள் முறையும் இல்லை. எல்லாவற்றையும் அழித்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்தே வலைத்தளத்தில் ஏற்றியிருந்த அந்த விளக்கு அத்தியாயத்தின் கீழே கேள்விகள் குவிந்திருந்தன. பாதிப் பேர் சுக்கான்காரன் என்று பந்தயம் கட்டினார்கள். அவன் கப்பலில்தானே இருக்கிறான் என்று மீதிப் பேர் அவர்களை ஏசினார்கள். கடைசியாக ஒருவர், யாரோ எந்த ஊரோ, இப்படி எழுதியிருந்தார்: "விளக்கை ஏத்தினது யாருங்க? தயவுசெஞ்சு சொல்லுங்க, மண்டை வெடிக்குது."

அறைத்தோழி எதிர்க்கட்டிலில் போர்வைக்குள் சுருண்டிருந்தாள். வாத்து வெகுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தட்டினாள்: "இந்தக் கதையை நாங்க ரெண்டு பேரா எழுதறோம். அடுத்தது என் சித்தியோட அத்தியாயம். யாருன்னு அவங்களுக்குத்தான் தெரியும்."

பதில் உடனே வந்துவிட்டது. "ஓ, அப்படியா! அப்போ சித்தியை அவசரப்படுத்தாதீங்க. மெதுவா எழுதச் சொல்லுங்க. நாங்க எங்க போயிடப் போறோம்?"

அவள் போர்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொல்றேன்" என்று எழுதினாள்.